மானைத் தேடக் கேமரா வேண்டுமா? விஸ்கான்சின் மலைக்காட்டில் தடம் பார்ப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மேடிசன் நகரில் ஒரு வீட்டு விருந்து முடிந்து கிளம்பும்போது இளைஞர் ஒருவர் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கிய மகிழ்ச்சி முகத்தில் தெரிந்தது. விஸ்கான்சின் மாநிலத்தில் 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் அந்த வகுப்பை முடிக்காமல் தனியாக வேட்டைக்குப் போக முடியாது.

"அண்ணா, மரத்தில் கட்டி வைக்கிறார்களே, தானாகப் படம் எடுக்கும் கேமரா, அதை வாங்கலாமா? நான்கு போதுமா, ஆறு வேண்டுமா?" என்று கேட்டார்.

"எந்தக் கேள்விக்குப் பதில் தேடி அதைக் கட்டப்போகிறாய், தம்பி?" என்றேன்.

"மான் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான்."

அந்தப் பதிலில்தான் சிக்கல் இருக்கிறது. மான் எங்கே இருக்கிறது என்பதைக் கேமரா சொல்லாது. ஒரு மரத்தின் முன்னால், ஒரு குறிப்பிட்ட நிமிடத்தில், ஒரு மான் நடந்தது என்று மட்டும் சொல்லும். அது ஏன் அந்த வழியாக வந்தது, எங்கே படுத்திருந்தது, எதைத் தின்னப் போனது என்பதெல்லாம் நாம் காலால் நடந்து கண்டுபிடிக்க வேண்டியவை. நடந்து பார்த்தவனுக்குக் கேமரா பெரிய உதவி. நடக்காதவனுக்கு அது வெறும் படப்பெட்டி. ஆகவே என் பதில்: கேமரா பயன்படுத்துங்கள், ஆனால் இரண்டுக்கு மேல் வேண்டாம், நடந்து முடிக்கும் முன் கட்ட வேண்டாம். அன்று வாசலில் நின்று சொல்ல முடியாமல் போனதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நான் வேட்டையாடுவது விஸ்கான்சினின் தென்மேற்கு மூலையில், மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே உள்ள மலைப்பகுதி. பனியுகத்தில் வட அமெரிக்காவின் வடபகுதியைப் பனியாறுகள் தேய்த்துச் சமப்படுத்தியபோது இந்தப் பகுதி மட்டும் தப்பியது. அதனால் மாநிலத்தின் மற்ற பகுதிகளைப் போலத் தட்டையாக இல்லாமல், செங்குத்தான சரிவுகளும் குறுகிய பள்ளத்தாக்குகளுமாக இருக்கிறது. பள்ளத்தாக்கிலும் முகட்டின் மேற்பரப்பிலும் மக்காச்சோளம், சோயா, குதிரைமசால் வயல்கள். இடைப்பட்ட சரிவெல்லாம் ஓக் மரக்காடு. இங்கே வாழ்வது வெள்ளைவால் மான். ஆணைக் கலைமான் என்றும் பெண்ணைப் பிணைமான் என்றும் நம் பழைய சொற்களாலேயே இந்தக் கட்டுரையில் குறிப்பிடுகிறேன்.

முதலில் சட்டம்

கடைக்குப் போவதற்கு முன் உங்கள் மாநிலத்தின் வேட்டை விதிகளைப் படியுங்கள். கேமரா விஷயத்தில் அமெரிக்க மாநிலங்கள் ஒன்றுபோல் இல்லை. அரிசோனாவில் 2022 ஜனவரி 1 முதல் வேட்டைக்கு உதவியாகக் கேமராவைப் பயன்படுத்துவதே தடை. அது பாலைநிலம், தண்ணீர்க் குட்டைகள் குறைவு. ஒரே குட்டையைச் சுற்றிப் பலரும் கேமரா கட்டி, மெமரி கார்டை எடுக்க மாறி மாறி வந்து போனால் விலங்கு எங்கே தண்ணீர் குடிக்கும்? நெவாடாவில் பொது நிலத்தில் ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 31 வரை கட்டக் கூடாது. படத்தை அலைபேசிக்கு அனுப்பும் கேமராவுக்கு அந்தத் தடை ஜூலை 1-லேயே தொடங்கிவிடும். யூட்டா மாநிலமும் 2022 முதல் ஜூலை 31-இலிருந்து டிசம்பர் 31 வரை பெருவிலங்கு வேட்டைக்குக் கேமராவைத் தடுத்திருக்கிறது. கன்சாஸ் 2023-இல் தன் வனவிலங்குத் துறையின் பொது நிலங்களில் தடை விதித்தது.

விஸ்கான்சினில் அப்படிப்பட்ட முழுத் தடை இல்லை. மாநில இயற்கை வளத்துறையே 'ஸ்னாப்ஷாட் விஸ்கான்சின்' என்ற பெயரில் தன்னார்வலர்களுக்குக் கேமரா கொடுத்து மாநிலம் முழுவதும் விலங்குகளைப் படமெடுக்கிறது. ஆனாலும் பொது நிலம் என்றால் அந்த இடத்துக்குரிய விதியைத் தனியாகப் பாருங்கள், உரிமையாளர் விவரம் ஒட்டவேண்டுமா என்பதையும் பாருங்கள். தனியார் நிலமென்றால் வேட்டைக்குக் கேட்ட அனுமதியோடு கேமராவுக்கும் தனியாகக் கேட்க வேண்டும். நான் போகும் பண்ணையின் உரிமையாளர் எழுபது வயதைக் கடந்தவர். வேட்டைக்குச் சட்டென்று சம்மதித்தார், கேமரா என்றதும் யோசித்தார். தன் பேரப்பிள்ளைகள் ஓடையில் விளையாடும் இடத்தில் வைக்கக் கூடாது என்றார். அது நியாயம்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம். அங்கே இதே வகைக் கேமராக்கள் வனத்துறையின் கைகளிலும் ஆய்வாளர்களின் கைகளிலும் வேறு வேலை செய்கின்றன. 1990-களில் கர்நாடகத்தின் நாகரஹொளேக் காட்டில் ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் புலிகளின் வரிகளை இப்படிப்பட்ட படங்களில் ஒப்பிட்டுத்தான் எண்ணிக்கையை மதிப்பிட்டார். இந்தக் கட்டுரை உரிமம் பெற்று வேட்டையாடக்கூடிய அமெரிக்க மாநிலங்களுக்கு மட்டும் பொருந்தும்.

கேமரா இல்லாமல் ஒரு முழு நாள்

மார்ச் மாதம். பனி உருகியிருக்கும், இலை துளிர்த்திருக்காது. போன நவம்பரில் மான்கள் விட்டுப்போன தடயமெல்லாம் அப்படியே தெரியும். வேட்டைக்கு இன்னும் ஆறு மாதம் இருப்பதால் நீங்கள் நடப்பதால் எந்த மானும் இடம் மாறிவிடாது. தடம் பார்க்க இதைவிட நல்ல மாதம் கிடையாது என்பது என் முடிவு.

வயலின் விளிம்பிலிருந்து தொடங்குங்கள். மான்கள் வயலுக்குள் நுழையும் வாய்கள் தெளிவாகத் தெரியும்: முள்ளுக்கம்பி வேலிக்கு அடியில் மண் மழமழவென்று தேய்ந்திருக்கும், கீழ்க்கம்பியில் பழுப்பும் வெள்ளையுமாக மயிர் ஒட்டியிருக்கும். அங்கிருந்து தடத்தைப் பின்னோக்கிப் பிடித்துக் காட்டுக்குள் ஏறுங்கள். பெருவழி ஒன்று இரண்டாகவும் நான்காகவும் பிரியும். புழுக்கை எங்கே அதிகம், மரப்பட்டையைக் கலைமான் கொம்பால் தேய்த்த வடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். வடு இருக்கும் பக்கம் பெரும்பாலும் அது வந்த திசையைக் காட்டும்.

கொஞ்சம் மேலே ஏறினால் படுத்த இடங்கள். இந்த மலைப்பகுதியில் வயதான கலைமான் பெரும்பாலும் சரிவின் மேல் மூன்றில் ஒரு பங்கில், காற்று முதுகுப்புறமாக முகட்டைத் தாண்டி இறங்கும் பக்கத்தில் படுக்கும். பின்னாலிருந்து வருவதை மூக்கு சொல்லும், கீழிருந்து வருவதைக் கண் சொல்லும். இலையுதிர்காலத்தில் இங்கே மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் காற்று அடிப்பதே அதிகம். ஆகவே கிழக்குப் பார்த்த சரிவுகளை முதலில் தேடுங்கள். சருகில் ஒரு ஆள் முழங்காலை மடக்கிப் படுத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு பெரிய முட்டை வடிவப் பள்ளம். குனிந்து பார்த்தால் ஓரிரு மயிர் கிடக்கும், உள்ளே வெண்மையாக, நுனி கறுத்து. ஒரு தடவை அப்படிப்பட்ட பள்ளம் ஒன்றில் நானே உட்கார்ந்து பார்த்தேன். நான் வழக்கமாக வண்டியை நிறுத்தும் இடம், கதவைத் திறந்து இறங்கும் இடம், பையை முதுகில் மாட்டும் இடம், எல்லாம் அங்கிருந்து தெரிந்தன. மூன்று வருடமாக அந்தக் கலைமான் ஏன் என் கண்ணில் படவில்லை என்பதற்கு எந்தக் கேமராவும் தராத பதில் அந்த உட்காருதலில் கிடைத்தது.

இவை எல்லாவற்றையும் வரைபடத்தில் குறியுங்கள். அலைபேசிச் செயலியிலும் குறிக்கலாம். நான் காகிதத்தில்தான் குறிக்கிறேன்: படுக்கைக்குச் சிவப்பு, தீனிக்குப் பச்சை, தடத்துக்குப் பென்சில் கோடு.

கேள்வியை எழுதி வையுங்கள்

வரைபடம் தயாரானதும் அதில் உங்களுக்குத் தெரியாத இடங்கள் பளிச்சென்று தெரியும். அந்த இடங்களில்தான் கேமராவுக்கு வேலை. கேள்வி ஒரு வரியில் இருக்க வேண்டும். 'முகட்டுக் கணவாயைக் கடக்கும் மான்கள் பகல் வெளிச்சத்தில் கடக்கின்றனவா?' 'இந்த ஓடைத்துறையைப் பிணைமான்கள் காலையில் பயன்படுத்துகின்றனவா, மாலையிலா?' 'வெள்ளை ஓக் கொட்டை விழத் தொடங்கியதும் வயலுக்கு வருவது குறைகிறதா?' இப்படிக் கேட்டால் ஒரு பதில் வரும், பதில் வந்ததும் கேமராவைக் கழற்றி அடுத்த கேள்விக்கு நகர்த்தலாம். அதனால்தான் இரண்டு போதும் என்கிறேன்.

'எவ்வளவு பெரிய கொம்பு இருக்கிறது?' என்பதும் கேள்விதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி பரண் எங்கே கட்டவேண்டும் என்பதைச் சொல்வதில்லை. மான்களை எண்ணுவதற்கென்று கட்டுவது இன்னொரு முறை. நிலமேலாண்மை செய்பவர்கள் ஏறத்தாழ 100 ஏக்கருக்கு ஒரு கேமரா என்ற கணக்கில் இரண்டு வாரம் ஓடவிட்டு எண்ணுவார்கள். 80 ஏக்கர் பண்ணையில் வார இறுதியில் மட்டும் வேட்டையாடும் நமக்கு அது தேவையில்லை.

எதை வாங்குவது

இதில் நீண்ட நேரம் செலவிட வேண்டாம். மூன்று விஷயம் பாருங்கள்.

ஒன்று, தூண்டப்பட்டதும் படமெடுக்கும் வேகம். நடைவழியில் கட்டுவதாக இருந்தால் அரை நொடிக்குள் எடுக்க வேண்டும். மெதுவான கேமராவில் வால்நுனி மட்டும் கிடைக்கும். தீனி இருக்கும் இடத்தில் மான் நின்று மேயும் என்பதால் மெதுவானதும் போதும்.

இரண்டு, இரவு வெளிச்சம். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. மிச்சிகன் மாநிலத்தின் வட பகுதியில் வேட்டைக்காரராக இருந்த ஜார்ஜ் ஷைராஸ் என்பவர் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கேமராவைக் கையில் எடுத்தார். தடத்தின் குறுக்கே கம்பி கட்டி, மான் அதை இடறியதும் வெளிச்சப்பொடி பற்றி எரிந்து படம் விழும்படி செய்தார். 1906 ஜூலை மாத நேஷனல் ஜியோகிராபிக் இதழ் அவருடைய 74 படங்களை வெளியிட்டது. அந்தப் பளீர் வெளிச்சத்தில் மான்கள் அரண்டு துள்ளின. இன்றைய கேமராக்களில் கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்துக்குப் பதிலாக அகச்சிவப்பு விளக்குகள் இருக்கின்றன. ஒளியின் அலைநீளம் 850 நானோமீட்டராக உள்ள வகையில் படம் தெளிவாக விழும், ஆனால் விளக்கு எரியும்போது மங்கிய சிவப்புப் புள்ளிகள் மனிதக் கண்ணுக்கே தெரியும். 940 நானோமீட்டர் வகையில் ஒன்றும் தெரியாது, படம் சற்று மங்கலாக, குறைந்த தூரத்துக்கு மட்டும் விழும். நடைவழிக்கு நான் இரண்டாவதைத்தான் கட்டுகிறேன். முதல் வகையைக் கட்டியிருந்த காலத்தில் வயதான பிணைமான் ஒன்று அடுத்தடுத்து ஐந்து படங்களில் நேராக லென்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஆறாவது படத்தில் முன்னங்கால் ஒன்று உயர்ந்திருந்தது, தரையில் அடிக்கத் தயாராக. அதன் பிறகு பதினோரு நாள் அந்தத் தடத்தில் எந்த மானும் வரவில்லை.

மூன்று, பேட்டரி. நவம்பர் குளிரில் சாதாரண அல்கலைன் பேட்டரி சோர்ந்துவிடும். லித்தியம் வாங்குங்கள், விலை அதிகம்தான், ஆனால் பேட்டரி மாற்றுவதற்காக ஒரு தடவை காட்டுக்குள் போய் வாடையைப் பரப்புவதைவிட அது மலிவு.

கட்டும் முறை

கேமராவை வடக்கு நோக்கி இருக்கும்படி கட்டுங்கள். கிழக்கும் மேற்கும் பார்த்தால் விடியலிலும் மாலையிலும் சூரியன் நேராக லென்ஸுக்குள் விழும். மான் நடமாடும் நேரமும் அதுதான். நூறு வெள்ளைப் படங்கள் கிடைக்கும், ஒன்றிலும் மான் தெரியாது.

தடத்துக்குக் குறுக்காக, நேர் செங்கோணத்தில் கட்டாதீர்கள். அப்படிக் கட்டினால் மான் சட்டகத்தை ஒரே தாவலில் கடந்துவிடும். தடத்தின் போக்கை 45 பாகைச் சாய்வில் பார்க்கும்படி, 10 முதல் 15 அடி தள்ளி வையுங்கள். அப்போது மான் வருவதும் தெரியும், போகும் திசையும் தெரியும். திசை தெரியாத படம் எனக்குப் பாதிப் படம்தான்.

உயரம் வழக்கமாக இடுப்பளவு. ஆனால் அது மானின் கண்மட்டமும்கூட. நடைவழியில் நான் 8 அடி உயரத்தில் கட்டி, பின்புறம் ஒரு சுள்ளியைச் செருகிக் கீழ்நோக்கிச் சாய்த்து வைக்கிறேன். மானும் பார்ப்பதில்லை, திருடனும் பார்ப்பதில்லை. இதற்காக ஒரு மடக்கு ஏணிப்படி தூக்கிப் போகவேண்டியிருக்கும். மரம் உங்கள் தொடை அளவாவது பருமனாக இருக்கட்டும். மெல்லிய மரம் காற்றில் ஆடும், கேமராவும் ஆடும், வெயில் பட்ட இலையெல்லாம் அசைவதாகக் கணக்கு வைத்துப் படமெடுத்துத் தள்ளும். அதே காரணத்துக்காக லென்ஸின் முன்னால் ஆறடிக்குள் இருக்கும் புல்லையும் கொடியையும் கையால் ஒடித்துவிடுங்கள். வெட்டுக்கத்தியால் பெரிதாகச் சுத்தம் செய்தால் மான் அந்த மாற்றத்தைக் கவனிக்கும்.

பிறகு நேரம். தேதியும் மணியும் சரியாக வைக்காத கேமராவை மரத்தில் கட்டாமலே இருக்கலாம். இங்கே நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புகிறோம். கேமரா தானாகத் திருப்பிக்கொள்ளாது. நவம்பர் 10 அன்று மாலை 5:10 என்று படத்தில் இருந்தால் உண்மையில் அது 4:10, நல்ல வெளிச்ச நேரம். இதை மறந்துவிட்டு, 'எல்லாம் இருட்டிய பிறகுதான் வருகிறது' என்று ஒரு நல்ல இடத்தை நான் கைவிட்டிருக்கிறேன்.

கடைசியாக, கேமராவை இயக்கிவிட்டு நீங்களே மான் போலத் தடத்தில் இருபுறமும் நடந்து காட்டுங்கள். படத்தைப் பார்த்து, உங்கள் தலையோ காலோ வெட்டுப்படாமல் இருந்தால் கதவை மூடுங்கள். பூட்டுப் போடுவதானால் இப்போதே போடுங்கள்.

உப்பு, மக்காச்சோளம் எதையும் கேமராவின் முன்னால் கொட்டாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். விஸ்கான்சினில் 2002-இல் மான்களின் நலிவு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மூளையைத் துளைத்து, உடலை எலும்பாக்கிக் கொல்லும் நோய், மருந்து கிடையாது. எச்சிலிலும் மலத்திலும் சிறுநீரிலும் பரவும், மண்ணில் வருடக்கணக்கில் தங்கும். ஒரே குவியலில் பத்து மான் வாய் வைப்பது அந்த நோய்க்கு நாம் போடும் விருந்து. நான் வேட்டையாடும் பகுதியில் இந்நோய் பரவியிருக்கிறது, தீனி போடுவது தடை. வீழ்த்திய மானின் தலையை இயற்கை வளத்துறையின் இலவசப் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவு வந்த பிறகே எங்கள் வீட்டில் மிளகுக் கறி அடுப்பேறும்.

கட்டிய பிறகு கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

முதல் வருடம் நான் நான்கு நாளுக்கு ஒரு தடவை போய் கார்டை எடுத்துப் பார்த்தேன். ஆர்வம் தாங்கவில்லை. முதல் வாரம் 60 மான் படங்கள், இரண்டாம் வாரம் 25, மூன்றாம் வாரம் 7. நான்காம் வாரம் பெரும்பாலும் என் படம்தான் இருந்தது: கார்டை எடுக்கக் குனியும் என் தொப்பி, திரும்பிப் போகும் என் முதுகு. அந்தப் படங்களை அழிக்காமல் வைத்திருக்கிறேன். மான்களை விரட்டியது கேமரா இல்லை, கேமராவைப் பார்க்கப் போன நான்.

மானின் மூக்கு நாயின் மூக்கோடு ஒப்பிடத் தக்கது. நாம் தொட்ட பட்டை, உரசிய புதர், மிதித்த மண் எல்லாவற்றிலும் நம் வாடை தங்கும். ஆகவே மூன்று வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் போகாதீர்கள். நடுப்பகலில் போங்கள், மழை வரப்போகும் நாளாகப் பார்த்துப் போங்கள், வாடையை மழை கழுவிவிடும். ரப்பர் பூட்ஸ் அணியுங்கள். காற்று படுக்கைப் பக்கம் வீசும் நாளில் வீட்டிலேயே இருங்கள். மலைச்சரிவில் இன்னொன்றும் உண்டு: வெயில் ஏற ஏறக் காற்று சரிவில் மேலே ஏறும், மாலையில் குளிர்ந்து ஓடைப்பக்கம் இறங்கும். வானிலை அறிக்கையில் சொல்லும் காற்று முகட்டில் மட்டும் உண்மை. படுக்கைக்கு அருகே கேமரா கட்டவே வேண்டாம். அங்கே ஒரு தடவை போனால் அந்த வருடத்துக்கு அந்த இடம் முடிந்தது.

படத்தைப் படிப்பது

படம் பார்ப்பது வேறு, படிப்பது வேறு. ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: தேதியும் மணியும், போன திசை, அன்றைய காற்று, கலையா பிணையா. படம் அழகாக இருக்கிறதா என்பது கணக்கில் வராது.

காலைப் படங்களில் மான் மேல்நோக்கிப் போகிறது என்றால் படுக்கை மேலே இருக்கிறது. மாலைப் படங்களில் அதே தடத்தில் இறங்குகிறது என்றால் உங்கள் வரைபடத்தின் சிவப்புப் புள்ளி சரி. எத்தனை மணிக்கு என்பதிலிருந்து தூரம் தெரியும். நவம்பர் நடுவில் இங்கே மாலை 4:30 அளவில் சூரியன் மறைகிறது. வயல் ஓரத்தில் 5:30-க்குத்தான் மான் தெரிகிறது என்றால் அந்த இடத்தில் பரண் கட்டிப் பயனில்லை, சட்டப்படி சுடக்கூடிய நேரம் முடிந்திருக்கும். அதே தடத்தைப் பின்னோக்கிப் பிடித்து 200 கஜம் மேலே போனால் அந்த மான் 4:15-க்கு அங்கே நின்றுகொண்டிருக்கும். இரவுப் படத்தைப் பார்த்துச் சோர்ந்துவிடாமல், அது எங்கிருந்து கிளம்பியது என்று கேட்கப் பழகுங்கள்.

இனி, படம் ஏமாற்றும் மூன்று இடங்கள்.

கோடைக்காலக் கலைமான் கூட்டம். ஜூலை, ஆகஸ்டில் கலைமான்கள் சண்டையின்றிக் கூட்டமாக மேயும், கொம்பின் மேல் மென்மயிர்த் தோல் இருக்கும். செப்டம்பர் முதல் பாதியில் அந்தத் தோலை உரித்துத் தள்ளியதும் உடம்பில் ஊறும் மாற்றத்தால் ஒன்றையொன்று பொறுக்காமல் பிரியும். சில அதே இடத்தில் இருக்கும், சில ஒரு மைலுக்கு அப்பால் போய்விடும். ஒரு வருடம் சோயா வயலில் ஐந்து கலைமான்களை நான் ஆகஸ்ட் முழுவதும் படம் பிடித்தேன். அதில் ஒன்றுக்கு இடக்காது கிழிந்திருந்தது. செப்டம்பர் நடுவில் வில்வேட்டைக் காலம் தொடங்கியதும் அந்தக் கிழிந்த காதுக்காகவே மூன்று வாரம் காத்திருந்தேன். அது வரவே இல்லை. பக்கத்துக் கணவாயில் வேறு மான்கள் பட்டப்பகலில் கடந்துகொண்டிருந்தன, அது எனக்கு டிசம்பரில்தான் தெரிந்தது.

இரண்டாவது, தரையைப் பறித்த இடங்கள். அக்டோபர் பிற்பகுதியில் கலைமான் தாழ்ந்த கிளை ஒன்றின் கீழ் சருகை விலக்கி, குளம்பால் மண்ணைப் பறித்துச் சிறுநீர் விடும். மேலே தொங்கும் கிளையை வாயால் கடித்து, கண்ணோரத்தை அதில் தேய்க்கும். அந்தப் பகுதியின் எல்லாக் கலைமான்களும் வந்து முகர்ந்து போகும் பொது அறிவிப்புப் பலகை அது. கேமரா கட்ட அருமையான இடம், எத்தனை கலைமான்கள் உண்டு என்பது ஒரு வாரத்தில் தெரியும். ஆனால் வந்துபோவது பெரும்பாலும் இரவில். அங்கே பரண் கட்டியவர்கள் பலர் நவம்பரைக் கோட்டைவிட்டார்கள். நவம்பரில் கலைமானைத் தேடாதீர்கள், பிணைமான் குடும்பங்கள் எங்கே படுக்கின்றன என்று பாருங்கள். இணைசேரும் நாட்களில் கலைமான் அந்தப் படுக்கைகளை, அவற்றின் வாடை காற்றில் வந்துசேரும் பக்கமாகச் சுற்றி முகர்ந்துகொண்டே போகும், நண்பகலிலும் போகும். குட்டிகளோடு நிற்கும் ஒரு பிணைமானின் சாதாரணப் படத்தை எல்லோரும் தள்ளிவிடுவார்கள். எனக்கு நோட்டில் வட்டம் போட்டு வைக்கத் தோன்றும் படம் அதுதான்.

மூன்றாவது, வெற்று கார்டு. கேமராவின் உணரி சுற்றுப்புற வெப்பத்துக்கும் உடல்வெப்பத்துக்கும் உள்ள வேறுபாடு அசைவதைத்தான் கண்டுகொள்கிறது. ஆகஸ்டின் கொதிக்கும் பிற்பகலில் அந்த வேறுபாடு குறைந்து, மான் கடந்தாலும் கேமரா விழிக்காமல் போகலாம். அதோடு, கேமராவின் முதுகுப்பக்கம் பத்தடியில் போன மானை அது எப்படிப் பார்க்கும்? படம் இல்லை என்றால் மான் இல்லை என்று எழுதிவிடாமல், போய்க் குளம்புத் தடம் பாருங்கள்.

அலைபேசிக்குப் படம் அனுப்பும் கேமரா

சிம் கார்டு போட்டவை இவை. மான் கடந்த சில நொடிகளில் படம் உங்கள் கைக்கு வரும். ஒரு நன்மை உண்மையிலேயே பெரிது: கார்டை எடுக்கக் காட்டுக்குள் போகவே வேண்டாம், வாடை பரவாது. கோடையிலும் அக்டோபர் வரையிலும் இதைப் பயன்படுத்துவதில் எனக்குத் தயக்கமில்லை.

வேட்டைக்காலத்தில் இதே கேமரா வேறு பொருளாகிவிடுகிறது. பரணில் உட்கார்ந்திருக்கிறேன், பாக்கெட்டில் அலைபேசி அதிர்கிறது, 300 கஜத்தில் கீழ்த்தடத்தில் மான். இறங்கிப் போய் வளைத்துவிடலாம். அப்போது மான் என் கண்ணையும் காதையும் பொறுமையையும் எதிர்கொள்ளவில்லை, ஒரு கண்காணிப்பு அமைப்பை எதிர்கொள்கிறது. 1887-இல் தியோடர் ரூஸ்வெல்ட் தொடங்கிய, பெருவிலங்கு வேட்டைச் சாதனைகளுக்குப் பதிவேடு வைத்திருக்கும் பூன் அண்டு கிராக்கெட் கழகமும் இதே கோட்டைத்தான் கிழிக்கிறது. உடனுக்குடன் இருப்பிடத்தைக் காட்டும் தொழில்நுட்பத்தின் உதவியோடு வீழ்த்திய விலங்கைத் தன் பதிவேட்டில் அந்தக் கழகம் ஏற்பதில்லை. சட்டம் அனுமதித்தாலும் செய்யக் கூடாதவை உண்டு என்று நம்புகிறவன் நான். செப்டம்பரில் வில்வேட்டை தொடங்கும் நாளிலிருந்து என் கேமராக்களில் உடனடியாக அனுப்பும் வசதியை அணைத்துவிடுகிறேன், நாளுக்கு ஒரு தடவை இரவில் மட்டும் அனுப்பும்படி வைக்கிறேன். நவம்பர் வந்ததும் அதுவும் இல்லை.

அடுத்தவர் கேமரா எதிர்ப்பட்டால் தொடாதீர்கள், கார்டைப் பார்க்காதீர்கள், தலையசைத்துவிட்டு நடங்கள். உங்கள் கேமராவில் மனிதர்கள் பதிவானால் அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள்.

கழற்றும் நாள்

விஸ்கான்சினில் துப்பாக்கி வேட்டை, நவம்பர் நான்காம் வியாழனன்று வரும் நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள். ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் ஆரஞ்சு உடையில் காட்டுக்குள் இறங்கும் அந்தக் காலையில் நீங்கள் மூன்று மாதம் எழுதிய அட்டவணை செல்லாது. மான்கள் பழைய வழியில் நடக்காது, விரட்டப்படும் வழியில்தான் ஓடும். அதற்கு முந்தைய வாரமே நான் இரண்டு கேமராக்களையும் கழற்றிவிடுகிறேன். தொடக்க நாளுக்கு எனக்குத் தேவை மார்ச்சில் நடந்தபோது குறித்த கணவாய்களும் தப்பிக்கும் வழிகளும்தான்.

கழற்றும்போது பட்டையை முழுவதுமாக மரத்திலிருந்து எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் மரம் பருத்து அதை விழுங்கும். வீட்டுக்கு வந்ததும் பேட்டரிகளை வெளியே எடுங்கள், கசிந்தால் கேமரா போயிற்று. ரப்பர் விளிம்பில் மண் இருந்தால் ஈரத்துணியால் துடைத்து, கதவைத் திறந்தபடி ஒரு நாள் உலரவிடுங்கள். கார்டில் இருப்பதைக் கணினியில் அந்த வருடத்தின் பெயரில் தனிக் கோப்பாகப் போட்டு வையுங்கள். ஜனவரியில் முதல் நல்ல பனி விழுந்த மறுநாள், அந்த நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு போய்ப் பனியில் விழுந்த தடங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கேமரா சொன்னதில் எது தவறு என்பது அப்போதுதான் தெரியும். அந்தத் தவறுகளுக்குப் பக்கத்திலேயே அடுத்த வருடத்துக்கான இரண்டு கேள்விகளை எழுதிவிட்டு வாருங்கள்.